தொடையிலிருந்து கைக்கு வருவது சதை அல்ல

பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலும், ஓசூர் சிப்காட்டின் பிரஸ் மிஷின்களிலும், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரங்களிலும் கை மாட்டிக்கொண்ட கதை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அந்தக் கதையின் பிற்பகுதியில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "தொடைச் சதைய அறுத்துக் கையில வெச்சுட்டாங்களாம்."

சொல்பவர் பொய் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையையும் கட்டுப் போட்ட தொடையையும் பார்த்து அவராகவே ஊகித்துக்கொண்டதைச் சொல்கிறார். ஆனால் அந்த ஊகத்திலிருந்து சில சங்கடங்கள் கிளம்புகின்றன. கால் ஊனமாகிவிடும் என்று பயந்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் உண்டு. "என் தோலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்வரும் அண்ணன் தம்பி உண்டு. கையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டு தொடைப்புண்ணில் தவறு செய்பவர்களோ நிறையப் பேர். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

என் சித்தப்பா மகனின் வலது கை கரும்பு ஆட்டும் உருளையில் சிக்கியது. புறங்கைத் தோல் மணிக்கட்டுக்குக் கீழிருந்து விரல் கணுக்கள் வரை உரிந்துபோனது; உள்ளங்கையில் கட்டைவிரலின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு துண்டு போயிற்று. மருத்துவமனையில் அவனுக்குத் துணையாக இருந்த நாட்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் சொன்னதையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, இந்தத் தோல் ஒட்டு விவகாரத்தை அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன்.

தோலுக்குள் என்ன இருக்கிறது

ஒரு புல்தரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தெரிவது புல்லின் பச்சை. அதற்குக் கீழே வேர்கள் பின்னிக் கிடக்கும் மேல்மண். அதற்கும் கீழே அடிமண். நம் தோலும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே தெரியும் மெல்லிய படலம் மேல்தோல். அதில் ரத்தக் குழாய் கிடையாது, தேய்ந்து உதிர்ந்து மறுபடி வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் கீழுள்ள தடித்த, உறுதியான அடுக்கு அடித்தோல். ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் எல்லாம் குடியிருப்பது இங்கேதான். அடித்தோலுக்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழேதான் தசை, அதாவது நாம் சதை என்று சொல்வது.

மயிர்க்கால் என்பது மேல்தோல் ஒரு குழாயாக அடித்தோலுக்குள் இறங்கிய இடம். அந்தக் குழாயின் உட்சுவரில் இருப்பவை மேல்தோலை உண்டாக்கும் செல்கள்தாம். மேலே முழுவதும் சீவி எடுத்தாலும் இந்தக் குழாய்களின் அடிப்பகுதிகள் அடித்தோலுக்குள் மிஞ்சும். தொடைப்புண் ஆறும் கதைக்கு இது வேண்டும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தோல் ஏன் தனி ரகம்

உங்கள் கையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். விரல்களை நீட்டி வைத்துப் புறங்கைத் தோலைக் கிள்ளினால் தாராளமாகத் தூக்க வரும். முஷ்டியை இறுக்கிக்கொண்டு அதே இடத்தைக் கிள்ளிப் பாருங்கள், பிடிபடாது. விரல் மடங்கும்போது இழுபடுவதற்கென்று புறங்கையில் தோல் மிச்சம் வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்கையில் கதை வேறு. அங்கே தோல் தடிப்பானது, மயிர் இல்லாதது, கீழுள்ள நார்த்திசுவோடு இறுகக் கட்டப்பட்டது. மண்வெட்டிக் காம்பைப் பிடிக்கும்போது தோல் வழுக்கி நகராமல் இருப்பதற்கு அந்தக் கட்டுதான் காரணம்.

ஆகவே கைக்காயத்தில் புண்ணை மூடினால் மட்டும் போதாது. மூடிய தோல் புறங்கையில் இழுபட்டுக் கொடுக்க வேண்டும், உள்ளங்கையில் அழுத்தம் தாங்க வேண்டும். தானாக ஆறட்டும் என்று பெரிய புண்ணை விட்டுவைத்தால், விளிம்புகள் நடுவை நோக்கிச் சுருங்கி மூடும். முதுகில் அப்படிச் சுருங்கினால் தழும்போடு போகும். கையில் சுருங்கினால் விரல் மடங்கியபடியோ பின்னால் வளைந்தபடியோ நின்றுவிடும்.

சுருக்கமாக: தோல் இரண்டு அடுக்கு, தசை அதற்கு வெகு கீழே இருக்கிறது. கையில் தோல் வைப்பது முக்கியமாக விரல் அசைய வேண்டும் என்பதற்காக.

ஒட்டு எப்படிப் பிடிக்கிறது

தோல் ஒட்டு என்றால் உடம்பின் ஓரிடத்துத் தோலை, அதன் ரத்த ஓட்டத்திலிருந்து முழுவதும் பிரித்தெடுத்து, இன்னோரிடத்துப் புண்ணின் மேல் வைப்பது. எடுக்கும் இடத்தைக் கொடைத்தளம் என்றும், வைக்கும் இடத்தை ஏற்புத்தளம் என்றும் சொல்வோம். "ஒட்டு" என்ற சொல்லைக் கேட்டுப் பசை போட்டு ஒட்டுவதுபோல் எண்ணிவிடக் கூடாது. நாற்றங்காலில் பிடுங்கிய ராகி நாற்றை வயலில் நடுவதைப்போன்றது இது. பிடுங்கிய நாற்று சற்று நேரம் உயிரோடு இருக்கும். புதிய மண்ணில் ஈரம் இருந்து, வேர் இறங்கினால்தான் பிழைக்கும்.

வைத்த தோல் முதல் ஒன்றிரண்டு நாட்கள், புண்ணிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிரைக் காத்துக்கொள்கிறது. அப்போது அது வெளுத்தும் லேசாக உப்பியும் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது நாட்களில் புண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய் முனைகள் தோலுக்குள்ளிருக்கும் வெட்டுப்பட்ட குழாய் முனைகளைச் சந்தித்து இணையத் தொடங்குகின்றன. புதிய குழாய்களும் கீழிருந்து வளர்ந்து ஏறுகின்றன. நான்காவது நாளுக்குப் பிறகு ரத்தம் ஓரளவு ஓடத் தொடங்கி நிறம் இளஞ்சிவப்பாக மாறுகிறது. இப்படி நடந்துவிட்டால் "ஒட்டு பிடித்துவிட்டது" என்கிறார்கள். மாந்தோப்புக்காரர்களும் தங்கள் கன்றுகளுக்கு இதையே சொல்கிறார்கள்.

இந்த நாட்களில் ஒட்டைக் கெடுப்பவை முக்கியமாக மூன்று. தோலுக்கும் புண்ணுக்கும் நடுவே ரத்தமோ நீரோ தேங்கினால் குழாய்கள் சந்திக்க முடியாது. கை அசைந்து தோல் நகர்ந்தால், அப்போதுதான் பிடித்த முடிச்சுகள் அறுந்துபோகும். சீழ் பிடித்தால் தோல் கரைந்தே போய்விடும். தேங்குவதும் நகர்வதும் நேராமலிருக்கத்தான், தோலின் மேல் பஞ்சுப் பொதி வைத்து நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள், கைக்கு மாவுக்கட்டோ, கையை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் என்ற விறைப்பான பட்டையோ போடுகிறார்கள், கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள். கட்டைப் பொதுவாக ஐந்தாவது நாளை ஒட்டித்தான் முதன்முதலில் பிரிப்பார்கள். "அஞ்சு நாளா யாரும் திறந்துகூடப் பார்க்கலையே" என்று வார்டில் கோபித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். திறந்து பார்த்தால் கெட்டுவிடும் என்பதால்தான் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். பீடி, சிகரெட் இந்தச் சமயத்தில் நேரடி எதிரி. நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும்.

பாறை மேல் நாற்று நட முடியாதல்லவா? அதுபோல, உறை உரிந்து வெறுமையாகத் தெரியும் எலும்பின் மீதும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் மேலுறை போயிருந்தால் அதன் மீதும் ஒட்டு பிடிக்காது. அங்கே குழாய்களை அனுப்ப எதுவுமில்லை. உறை மிஞ்சியிருந்தால் பிடிக்கும். சித்தப்பா மகனுக்குத் தோல் உரிந்திருந்தாலும் தசைநாண்களின் பளபளப்பான உறை பெரும்பாலும் தப்பியிருந்தது, அதனால்தான் ஒட்டே போதும் என்று முடிவெடுத்ததாகச் சொன்னார்கள்.

மெல்லியதா, முழுசா

தோலை இரண்டு விதமாக எடுக்கலாம். மேல்தோலையும் அடித்தோலின் ஒரு பகுதியையும் மட்டும் சீவி எடுப்பது மெல்லொட்டு. மேல்தோலோடு அடித்தோல் முழுவதையும் எடுப்பது முழுவொட்டு. இரண்டிலும் தசை வருவதில்லை; முழுவொட்டில் ஒட்டி வரும் கொழுப்பைக்கூடக் கத்தரியால் நறுக்கிக் களைந்த பிறகே வைக்கிறார்கள், ஏனென்றால் கொழுப்பு நடுவில் இருந்தால் குழாய்கள் ஏற முடியாது.

மெல்லொட்டைத் தச்சரின் இழைப்புளி மாதிரி வேலை செய்யும் கருவியால் எடுக்கிறார்கள். அளவு வைத்துத் திருகக்கூடிய நீண்ட கத்தியாக இருக்கலாம், மின்சாரத்தில் ஓடும் டெர்மடோமாகவும் இருக்கலாம். தடிமன் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர், அதாவது நோட்டுத்தாள் மூன்று நான்கை அடுக்கிய கனம். தொடைத் தோலின் மொத்தக் கனத்தில் இது ஒரு பங்குதான்.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்? மெல்லிய தோலுக்குத் தீனி குறைவாகப் போதும், அதனால் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். எடுத்த இடமும் தானே ஆறும். பெரிய பரப்பை மூடலாம். ஆனால் பிடித்த பிறகு வரும் மாதங்களில் அது அதிகமாகச் சுருங்கும். முழுவொட்டு பிடிப்பதற்குச் சற்று அடம்பிடிக்கும்; பிடித்துவிட்டாலோ சுருங்குவது குறைவு, தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். அடித்தோல் எவ்வளவு அதிகமாகக் கூட வருகிறதோ, அவ்வளவுக்குச் சுருக்கம் குறைகிறது. எடுக்கிற தோலில் எவ்வளவு அடித்தோல் வருகிறது, தொடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற இந்தப் பங்கீட்டை வைத்தே தோல் ஒட்டில் மற்ற பலவற்றையும் புரிந்துகொள்ளலாம்.

புறங்கையில் பரப்பு பெரிதானால் சற்றுக் கனமான மெல்லொட்டை ஒரே விரிப்பாக வைப்பது வழக்கம். உடம்பில் பெரும்பகுதி வெந்துபோனவர்களுக்குத் தோல் போதாமல், எடுத்ததைச் சல்லடைபோல் கீறி விரித்து வைக்கும் முறை உண்டு. கையில் அதைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள், ஏனென்றால் அந்தச் சல்லடைக் கண்கள் தானாக ஆறும்போது சுருக்கமும் கூடும், வலைபோன்ற தழும்பும் நிரந்தரமாக நிற்கும். உள்ளங்கையிலும் விரல்களின் உட்பக்கத்திலும் முழுவொட்டையே விரும்புகிறார்கள். அதற்கான தோலைக் கவட்டை மடிப்பிலிருந்தோ மேற்கையின் உட்புறத்திலிருந்தோ எடுத்து, எடுத்த இடத்தை இழுத்துத் தைத்துவிடுவார்கள். சித்தப்பா மகனுக்குத் தொடையிலிருந்து மெல்லொட்டு புறங்கைக்கும், கவட்டையிலிருந்து முழுவொட்டு கட்டைவிரல் அடிக்கும் போனது. கவட்டைத் தோல் உள்ளங்கையில் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. அதற்கு அவன் கவலைப்படவில்லை.

இடையில் ஒரு செய்தி. இயந்திரத்தில் உரிந்த தோலைக் குப்பை என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது முற்றிலும் நசுங்காமல் இருந்தால், அதன் கொழுப்பைக் களைந்து அதையே முழுவொட்டாக வைக்கச் சில சமயம் முடியும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. துண்டான விரலுக்கும் இதே முறைதான்.

ஒட்டு போதாத இடத்தில்

எலும்பு வெறுமையாகத் தெரிந்தால் என்ன செய்வது? போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரில் மாங்கன்று உற்பத்தி செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாவில் ஒட்டுக் கட்டுவதில் இரண்டு வழி உண்டு. குச்சியை மரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து கன்றில் வைத்துக் கட்டுவது ஒன்று. தாய்மரத்துக் கிளையை வெட்டாமலேயே, தொட்டிக் கன்றைப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டையும் சேர்த்துக் கட்டி, இணைந்த பிறகு கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுப்பது மற்றொன்று. நெருக்கு ஒட்டு என்பார்கள். இணையும் காலம் வரை தாய்மரமே அந்தக் கிளைக்குச் சாறு கொடுக்கிறது.

கையிலும் இந்த இரண்டாவது வழி உண்டு. ஃபிளாப் என்பது அதன் பெயர். தோலையும் கொழுப்பையும் அவற்றின் ரத்தக் குழாயோடு சேர்த்து, ஒரு முனை உடம்பிலேயே இருக்கும்படி தூக்கி, கையை அதன் அருகே கொண்டுபோய்த் தைப்பார்கள். 1972இல் மெக்கிரகரும் ஜாக்சனும் விவரித்த கவட்டை ஃபிளாப் இதில் பெயர் பெற்றது. கை ஏறக்குறைய மூன்று வாரம் இடுப்போடு ஒட்டியே இருக்கும். அதற்குள் கையிலிருந்தே ரத்தம் கிடைக்கத் தொடங்கிவிடுவதால், பிறகு காம்பை அறுத்துவிடலாம். வார்டில் இப்படிக் கையும் இடுப்பும் சேர்ந்த நிலையில் ஒருவரைப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

இதுவரை: ஒட்டு தன் ரத்தத்தை இழந்து வந்து, புது இடத்தில் ரத்தம் தேடுகிறது, ஃபிளாப் தன் ரத்தத்தைக் கூடவே கொண்டுவருகிறது.

தொடைப்புண் தானாக ஆறுவது எப்படி

அறுவை முடிந்த இரவில் சித்தப்பா மகன் கையைப் பற்றி முனகவே இல்லை. தொடை எரிகிறது என்றுதான் துடித்தான். ஏதோ தவறு நடந்துவிட்டதென்று நாங்கள் பதறினோம். உண்மையில் அது எதிர்பார்க்க வேண்டியதே. மெல்லொட்டு எடுக்கும்போது அடித்தோலின் நரம்பு முனைகள் மூடியிழந்து திறந்து கிடக்கின்றன. சைக்கிளில் விழுந்து முட்டி சிராய்த்தால் எப்படி எரியுமோ அதே எரிச்சல், பெரிய பரப்பில். தசையைத் தொடாததால் அவன் மறுநாளே எழுந்து மெல்ல நடந்தான்.

மாட்டுக்கு அறுக்கும் தீவனப்புல்லை எண்ணிக்கொள்ளுங்கள். அரிவாளால் அடியோடு ஒட்ட அறுத்தாலும், தூர் நிலத்தில் இருப்பதால் மறுபடி தழைக்கிறது. தொடையில் மேலே சீவி எடுத்தாகிவிட்டது. ஆனால் மயிர்க்கால்களின் அடிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அடித்தோலில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் உட்சுவர்ச் செல்கள் பெருகி மேலேறி, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிறு தீவாகப் படர்கின்றன. தீவுகள் ஒன்றோடொன்று கைகோத்ததும் புண் மூடிவிடுகிறது. மெல்லியதாக எடுத்திருந்தால் பத்து முதல் பதினான்கு நாள், கனமாக எடுத்திருந்தால் மூன்று வாரம் வரை ஆகலாம். ஆறிய பின், தேவைப்பட்டால் அதே இடத்தில் மறுபடியும் தோல் எடுக்கலாம். பெருந்தீக்காயத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

முழுவொட்டு எடுத்த இடம் இப்படித் தழைக்காது. அது தூரோடு பிடுங்கிய புல். அதனால்தான் அங்கே விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள், அதனால்தான் அந்தத் துண்டு சிறிதாகவே இருக்க முடிகிறது.

இப்போது எங்கள் வீட்டுத் தவறு. தொடையில் மருந்து தடவிய வலைத்துணியும் அதன் மேல் கனமான பஞ்சும் வைத்துக் கட்டியிருந்தார்கள். பஞ்சு நனைந்தால் வெளிப்பகுதியை மட்டும் மாற்றலாம், உள்துணியை இழுக்கவே கூடாது, ஆறியதும் தானே கழன்று வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறாம் நாள் துணி பழுப்பேறி விறைத்திருப்பதைப் பார்த்த சித்தி, "காத்துப் பட்டுக் காஞ்சாத்தான் கண்ணு ஆறும்" என்று ஓரத்தைப் பிடித்து உரித்தார். துணியோடு, அப்போதுதான் பிறந்திருந்த தோலும் ஒரு விரல் அகலத்துக்கு உரிந்து ரத்தம் பொடித்தது. மற்ற இடமெல்லாம் பன்னிரண்டாம் நாளே ஆறிவிட, அந்த ஓரம் மட்டும் மேலும் ஒன்பது நாள் இழுத்தது.

காய்ந்தால்தான் புண் ஆறும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் மேலோட்டமான புண்களில் சோதித்து, திறந்து காயவிட்ட புண்ணைவிட மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்த புண் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் தோல் மூடுவதைக் காட்டினார். படரும் செல்கள் ஈரத்தில்தான் நகரும். பொருக்குக் கட்டினால் அதன் அடியில் ஈரம் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே மஞ்சள்தூளும் காப்பித்தூளும் பவுடரும் இங்கே உதவாது. உலர்ந்த ரத்தக் கறையும் லேசான வாடையும் சாதாரணம். பச்சை நிறக் கசிவு, முகம் சுளிக்கும் நாற்றம், காய்ச்சல், குறைந்துவந்த வலி மறுபடி கூடுவது ஆகியவை சாதாரணம் அல்ல, உடனே காட்ட வேண்டியவை.

ஆறிய தொடை முதலில் இளஞ்சிவப்பாகவும் பிறகு மாதக்கணக்கில் கறுத்தோ வெளுத்தோ தெரியும். அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வரலாம், சொறியக் கூடாது. சிலருக்குத் தழும்பு தடிப்பதும் உண்டு.

இன்னொருவர் தோல் வைக்கலாமா

நிரந்தரமாக முடியாது. உருவ ஒற்றுமையுள்ள ஒருகரு இரட்டையரைத் தவிர, யாருடைய தோலையும் நம் உடல் அந்நியம் என்று கண்டுகொண்டு சில வாரங்களில் தள்ளிவிடும். இது தற்செயல் அல்ல, உடலின் எதிர்ப்பாற்றல் செய்யும் வேலை என்பதை 1943இல் கிப்சனும் மெடாவரும் தீக்காய நோயாளியிடம் கவனித்து எழுதினார்கள்; மெடாவர் பின்னர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். தோல் வங்கிகளில் இறந்தவர்களின் தோலைச் சேமிப்பது, பெருந்தீக்காயத்தைத் தற்காலிகமாக மூடிக் காப்பதற்காக. கைக்காயத்துக்குத் தம்பியின் தொடை தேவையில்லை.

பிடித்த பிறகு

ஒட்டு பிடித்ததும் வேலை முடிந்தது என்று பலர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். சுருக்கம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். பல மாதங்கள் அது மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து இழுப்பதற்குத்தான் ஸ்பிளிண்ட்டும் பிசியோதெரபியும் இறுக்கமான அழுத்தக் கையுறையும். புறங்கை ஒட்டுக்கு விரலடிக் கணுக்களை மடக்கி வைத்த நிலையிலும், உள்ளங்கை ஒட்டுக்கு விரல்களை நீட்டி வைத்த நிலையிலும் ஸ்பிளிண்ட் போடுவார்கள். சுருக்கம் எந்தப் பக்கம் இழுக்குமோ அதற்கு எதிர்ப்பக்கம். மெல்லொட்டில் வியர்வைச் சுரப்பிகள் முழுதாக வராததால் தோல் வறண்டு வெடிக்கும்; எண்ணெய் தினசரி வேண்டும். வெயில் பட்டால் கறுப்பு கூடும்.

உணர்ச்சி கீழிருந்தும் விளிம்புகளிலிருந்தும் மெல்லத் திரும்புகிறது, ஆனால் முன்பு இருந்த அளவுக்கு வருவதில்லை. சித்தப்பா மகனுக்கு ஒன்பதாவது மாதத்தில் முஷ்டி முழுவதும் மூடியது. களியை உருட்டி விழுங்கும் அளவுக்குக் கை குவிகிறது. கட்டைவிரல் அடியில் சூடு மட்டும் இன்னும் சரியாகத் தெரிவதில்லை. அதனால் களியை முதலில் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டே வலது கையை வைக்கிறான்.